அந்தோணிராஜ் கையில் இருந்த வண்டி

சுருளிவேல் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்து இறங்கிய அன்று, அம்மா மாயம்மாள் போட்ட காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அந்தோணிராஜின் பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். சிநேகிதனைப் பார்க்கிற ஆசை என்று மாயம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு ரோட்டுப் பட்டறையில் கழுவித் துடைத்து நின்ற தன் சிவப்புக் காரின் கதவைத் திறந்து, சாவியைப் போட்டு, மீட்டரைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன் புறப்படும்போது அதைச் செல்போனில் போட்டோ பிடித்து வைத்திருந்தான். போட்டோவில் இருந்த எண்ணுக்கும் இப்போது எரிந்த எண்ணுக்கும் நடுவில், கொடைக்கானலுக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிற தூரம் இருந்தது.

பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருதரம் ஸ்டார்ட் செய்து, முக்கு வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தால் போதும் என்றுதான் அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்தோணிராஜ் கிரீஸ் கையை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தான். வண்டியை எப்படி வைத்திருக்கிறேன் பார் என்று பெருமையாகக் கேட்டான். சுருளிவேல் நல்லா இருக்கு மாப்ள என்றான். கிலோமீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்காமல் கவனிப்பது அவன் அங்கே படித்துக்கொண்ட பழக்கம். மஸ்கட்டில் ஒரு பெரிய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் அது போகாது. போகாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். தினமும் வேலை முடிந்து வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும், சட்டைப்பையைத் தட்டிக் காட்ட வேண்டும். ஒரு பெட்டி குறைந்தால் வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும். யாரும் யாரையும் திருடன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரையும் தேடுவார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் ஊரில் ஒரு ஆள் வேண்டும். அப்பா இல்லாத அந்த வீட்டுக்கு அந்த ஆள் அந்தோணிராஜ். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாயம்மாளைச் சர்க்கரை டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போவது அவன், கரண்ட் பில் கட்டுவது அவன், மோட்டார் ரிப்பேரானால் கிணற்றில் இறங்குவது அவன். வீட்டு மறுசாவி அவனிடம்தான் இருந்தது. அவன் ஒருத்தன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் சுருளிவேல் இரண்டு வருஷம் அங்கே தூங்கினான். காரில் பொய் இருந்தால் மற்றதில் என்னென்ன இருக்குமோ. அந்த ஒருத்தன் சரியில்லை என்று ஆகிவிட்டால் அவனால் திரும்ப விமானம் ஏற முடியாது. ஏறினாலும் அங்கே கண்ணை மூட முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தோணிராஜ் பந்தயப் பேச்சை எடுத்தான். வேடசந்தூருக்கு அந்தப் பக்கம், விமானப் பயிற்சிப் பள்ளி வைக்கப்போவதாகச் சொல்லி யாரோ ஓடுதளம் போட்டு, பள்ளி வராமலே போய்விட்ட இடம் ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் கிளப் ஒன்று அதை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸ் நடத்துகிறது. இரண்டு இரண்டு வண்டியாக, நேர்கோட்டில் நானூறு மீட்டர். அதில் ரோட்டில் ஓடுகிற சாதாரண வண்டிகளுக்கு, ஒரு மாற்றமும் செய்யாமல் அப்படியே கொண்டுவருகிறவர்களுக்கு, தனிப் பிரிவு.

"ஒம்பேரக் குடுத்துட்டேன் மாப்ள" என்றான் அந்தோணிராஜ். "ரெண்டு வருசமா ஆமை ஓட்டுற. ஒரு தடவ ஓடிப் பாரு."

சுருளிவேலுக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு ஏறியது உண்மை. காரை வாங்கியதே இப்படி ஒருநாள் மிதிக்க வேண்டும் என்றுதான். ஆனால் அன்று படுக்கும்போது வேறொன்று தோன்றியது. கேட்காமல் ஏன் பேரைக் கொடுத்தான்? பந்தயத்தில் ஓடி என்ஜின் கெட்டால், அது முன்னாலேயே கெட்டிருந்ததா, பந்தயத்தில் கெட்டதா என்று யார் சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து தயாராக ஆரம்பித்தார்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கினார்கள். தரை விரிப்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கழற்றினார்கள். டிக்கியைச் சுருளிவேல்தான் துடைத்தான். மூலையில் காய்ந்துபோன செவ்வரளி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நல்லெண்ணெய் வாடை வந்தது. பின்சீட்டு இடுக்கில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அந்தோணிராஜுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் கோயிலுக்கு அரளிப்பூ கொண்டுபோகிற ஆளும் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவன். ஊசியைச் சுருளிவேல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். யாருடையது அது என்று கேட்கிற நாள் வரும்.

கிளப் அனுப்பிய விதிகளைச் செல்போனில் படித்தான். வண்டிக்கு உள்ளேயோ வெளியேயோ ஆடுகிற, தொங்குகிற எதுவும் இருக்கக்கூடாது என்று இருந்தது. காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாயையும் பம்பரில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் கத்தரிக்கோலால் வெட்டினான். மாயம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அதக் கழட்டாதடா. வேகமாப் போற வண்டிக்குத்தேன் அது முக்கியம்."

"ரூல்ஸும்மா. தொங்கக் கூடாதாம்."

அவள் அறுந்து விழுந்ததைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பழகிப் பார்க்க அந்தோணிராஜ் ஒரு இடம் பிடித்திருந்தான். மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் பின்னால், சுற்றுச்சுவருக்கு உள்ளேயே நீளமாக ஒரு சிமெண்டு ரோடு. வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தான். அங்கே காருக்கு முன்னால் ஓரமாக நின்றுகொண்டு மூன்று விரலை நீட்டுவான். ஒவ்வொன்றாக மடக்குவான். மூன்றும் மடங்கிக் கட்டைவிரல் எழுந்தால் பச்சை. பந்தயத்தில் இது விளக்காக இருக்கும். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு விழும், ஆட்டம் போச்சு. கிளட்சை மொத்தமாக விட்டால் டயர் வழுக்கும், பயந்து பயந்து விட்டால் வண்டி தூங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தது. அதைக் கால்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் கார் துள்ளிக்கொண்டு போனது. சுவர் இரண்டு பக்கமும் கரைந்து ஓடியதைப் பார்த்துச் சுருளிவேல் தனியாகச் சிரித்தான். திரும்பி வந்தபோது அந்தோணிராஜும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சாயங்காலம் மட்டும் சுருளிவேலுக்குக் கிலோமீட்டர் மறந்திருந்தது.

அடுத்த நாள் மதியம் மாயம்மாள் பட்டறைக்கே சோறு கொண்டுவந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய்ப் பொரியல். இருவரும் பின்னால் தொட்டியில் கை கழுவி வந்து, பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தோணிராஜ் பொரியலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மஸ்கட்டில் உனக்கு இதெல்லாம் கிடைக்குமாடா என்று வம்புக்கு இழுத்தான்.

அதற்கு மறுநாள்தான் அது ஆரம்பித்தது. கார் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பியது. இரண்டாவது கியரில் மிதித்து ஏற்றும்போது, யாரோ பின்னால் பிடித்து நிறுத்துவதுபோல் கனத்துப்போனது. சத்தம் மட்டும் ஏறியது, இழுவை இல்லை. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே. நேற்று வரை துள்ளிய வண்டி. இரவு முழுக்க நின்றது பட்டறையில்.

அந்தோணிராஜ் பானட்டைத் தட்டினான். "தொற. செத்த நேரம் பாத்துர்றேன்."

"வேணாம்" என்றான் சுருளிவேல். எவ்வளவு வேகமாகச் சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. இருட்டப்போகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சமாளித்தான். அன்று காரைப் பட்டறையில் விடவில்லை. பாலகிருஷ்ணாபுரத்தில் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான்.

காலையில் அவன் போனது பேகம்பூர் சௌகத் அலியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு. சௌகத் அலி எல்லா வண்டியையும் அறிந்தவர். எந்த வண்டியைப் பற்றியும் முடிவாக ஒன்றும் சொல்லாதவர். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று, அதை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொன்னான் சுருளிவேல். வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, கடைப் பையன்கள் வேலை செய்கிறவரை பக்கத்திலேயே நின்றான். அவர்கள் கேட்டதை மட்டும் கழற்றி, கேட்டதை மட்டும் காட்டினார்கள்.

"பழசுதான் தம்பி" என்றார் சௌகத் அலி. "மாத்துன மாதிரி தெரியல. மாத்தலைன்னும் நான் சொல்ல மாட்டேன்."

சுருளிவேல் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். அவர் விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, இந்த வண்டியைத் தாடிக்கொம்பு ரோட்டில் அடிக்கடி பார்ப்பேனே, அந்தோணிதானே ஓட்டிப் போவான் என்றார். பின்சீட்டில் ஆள் இருக்குமாம். கண்ணாடி ஏற்றியிருந்ததால் யார் என்று தெரியாதாம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அந்தோணிராஜின் பைக் நின்றது. செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியில் தணிந்த குரலில் பேச்சு கேட்டது. அந்தோணிராஜ் எதையோ கேட்க, மாயம்மாள் வேண்டாம் என்பதுபோல் எதையோ சொன்னாள். சுருளிவேல் உள்ளே நுழைந்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

என்ன பேச்சு என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. கேஸ் சிலிண்டர்" என்றாள் அம்மா.

சிலிண்டர் முந்தாநாள்தான் வந்து இறங்கியிருந்தது. இறக்கி உருட்டி வைத்தவனே சுருளிவேல்தான். அந்தோணிராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல், வண்டியை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டுவிட்டுக் கிளம்பினான். அன்று ராத்திரி அம்மா தோசை சுட்டுப் போட்டபோது, தன் தட்டில் விழுகிற தோசையைக்கூட அவன் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிட்டான். அம்மாவையும் சேர்த்துக்கொண்டானா? எதற்கு? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதது எல்லாமே ஒரே ஆளைக் காட்டியது.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனான். அந்தோணிராஜ் டயருக்குக் காற்று எவ்வளவு வைக்க வேண்டும், நாளை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆரம்பித்தான். வண்டிக்கு மூச்சு வாங்குகிறதே, அதை இப்போதாவது திறந்து பார்ப்போம் என்றான்.

"நீ தொடாத" என்றான் சுருளிவேல். "நீ தொட்டதுதேன் போதும்ல."

அந்தோணிராஜ் நிமிர்ந்து பார்த்தான். சுருளிவேல் கொண்டை ஊசியை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தான். அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. மீட்டர் போட்டோவைக் காட்டினான். தாடிக்கொம்பு ரோட்டைச் சொன்னான். பூவைச் சொன்னான். நான் இல்லாத இரண்டு வருஷமும் யாரை வைத்து ஊர் சுற்றினாய் என்று கேட்டான். இன்ஜெக்டரைக் கழற்றி எவன் வண்டியில் மாட்டினாய் என்று கேட்டான். பக்கத்துப் பஞ்சர் கடையில் ரப்பர் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

அந்தோணிராஜ் ஊசியை எடுத்துப் பார்த்தான். யாருடையது என்று தெரிந்த ஆள் பார்க்கிற பார்வை. ஆனாலும் அவன் அதைச் சொல்லவில்லை. திரும்ப வைத்துவிட்டான்.

"இம்புட்டயும் எத்தன நாளா வச்சுருந்த?"

"வந்த அன்னிலேருந்து."

"வந்த அன்னிலேருந்து எங்கூடத்தேன சாப்ட?" என்றான் அந்தோணிராஜ். குரல் ஏறவில்லை. "வண்டிய மட்டும் எதுக்குச் சந்தேகப்படுற மாப்ள? கரண்ட் பில்லக் கட்டுனேனா, அம்மாவ ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனா, அதையும் பாத்துக்க. அரைகொறையா விடாத."

பிறகு வெளியே நின்ற ஆட்டோவுக்கு அடியில் படுத்து வேலையைத் தொடர்ந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. சுருளிவேல் செத்த நேரம் அந்தக் காலையே பார்த்து நின்றுவிட்டு வந்தான். வந்த வழியெல்லாம் அவனுக்கு ஒன்றுதான் ஓடியது: இல்லை என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாயம்மாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் புளிச்சோற்றோடு காரின் பக்கத்தில் வந்து நின்றாள். நானும் வாரேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. வேடசந்தூர் போகிற வழியில் அந்தோணி வரலையா என்று ஒருதரம் கேட்டாள். வேலை இருக்காம் என்றான்.

ஓடுதளம் வெயிலில் மினுங்கிக்கொண்டு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. பழனி, ஈரோடு, மதுரை என்று எல்லா ஊர் நம்பரிலும் வண்டிகள் வரிசையில் நின்றன. முதலில் பரிசோதனை. மஞ்சள் சட்டை போட்ட மோகன்குமார் என்ற அதிகாரி, வரிசையாக ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஹெல்மெட், சீட் பெல்ட், டயர். பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வந்தார். மாற்றம் செய்யாத வண்டி என்று பேர் கொடுத்துவிட்டு, பந்தயத்துக்கென்றே விற்கிற ஃபில்டரைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டாம். அதனால் எல்லாருடையதையும் திறந்து பார்ப்பார்களாம். கிளிப்புகளைக் கையாலேயே தட்டிவிட்டு, மூடியைத் தூக்கி, ஃபில்டரை எடுத்தார்.

அதற்குக் கீழே கையை விட்டவர் எதையோ பிடித்து இழுத்தார். உள்ளங்கை அளவு மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வந்தது. காற்று உள்ளே வருகிற வாயில் நன்றாக உறிஞ்சப்பட்டு, அந்த வாயின் வடிவத்துக்கே அச்சாகி இருந்தது.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க?"

பின்னால் நின்ற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.  மோகன்குமார் முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"அத அவுக்காதீக சாமி" என்று மாயம்மாள் முன்னால் வந்தாள். "கீழயும் வச்சுராதீக. எங்கிட்டக் குடுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா அந்த முடிச்சை வாங்கி, கண்ணில் ஒற்றி, மடியில் சொருகிக்கொண்டாள். படிகாரமும் மிளகும் குலசாமி திருநீறும் என்றாள், அந்த அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்கிறவள்போல. தொங்கக்கூடாது என்று என் பிள்ளை சொன்னான், அதனால் தொங்காத இடமாகப் பார்த்து வைத்தேன் என்றாள்.

மோகன்குமார் சிரிக்கவில்லை. "அம்மா, வண்டி மூச்சு விடுற எடம்ங்க அது. மூக்க அடைச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, ஃபில்டரைத் திருப்பிப் போட்டு, சரி என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

சுருளிவேல் அம்மாவை வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனான். எப்போது வைத்தாய் என்று கேட்டான். சோறு கொண்டுவந்த அன்று, நீங்கள் கை கழுவப் போனபோது என்றாள். அந்தோணி தூசி தட்டும்போது அந்தப் பெட்டியைப் பலதடவை பார்த்திருக்கிறாளாம். கையாலேயே திறக்கலாம் என்று தெரியுமாம். வண்டிக்கு அதுதான் மூக்கு என்று அவன் சொன்னானாம். மூக்கு வழியாகத்தானே கண்ணேறு உள்ளே போகும்?

"இது அந்தோணிக்குத் தெரியுமா?"

"அவனுக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சா வைக்க விட்ருப்பானா?"

"அப்ப அடுப்படில என்ன பேசுனீங்க?"

மாயம்மாள் சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் கை கொண்டைக்குப் போய் வந்தது. ஊசி அவளுடையது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தேய்பிறை அஷ்டமி வந்தா தாடிக்கொம்பு பைரவருக்கு வெளக்குப் போடப் போவேன். நீ மஸ்கட்டுக்குக் கெளம்புன மாசத்துலேருந்து. ஒனக்குச் சொன்னா முட்டி வலிய வச்சுக்கிட்டு எதுக்குப் போறன்னு வைவ. அவந்தேன் கூட்டிட்டுப் போவான். கோயிலுக்குள்ள வரமாட்டான், வண்டிலயே உக்காந்துருப்பான். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவங்கிட்டச் சத்தியம் வாங்கிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கு அதத்தேன் கேட்டான். மாப்ள ஒரு மாதிரி பாக்குறான், சொல்லிரவாம்மான்னு கேட்டான். நாந்தேன் வேணாம்னேன்."

சுருளிவேல் காரின் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். வெயிலில் தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை. பட்டறையில் பெஞ்சின் மேல் ஊசியை வைத்தபோது, வாயைத் திறந்தால் தப்பித்திருக்கலாம் அந்தோணிராஜ். அவன் திறக்கவில்லை. சத்தியம் கொடுத்தது அம்மாவுக்கு.

போன் போட்டான். எடுக்கவில்லை. பூசை நேரம். மறுபடி போட்டான். வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்ப வாயைத் திறந்து, மாப்ள என்ற ஒரு சொல்லோடு நிறுத்தி, அதையும் அழித்தான். இதற்குள் ஒலிபெருக்கியில் அவன் பேர் வந்தது. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கோட்டில் நின்று வண்டியைச் சரிபார்க்க ஒரு துணையாள் வேண்டும், துணையாள் இல்லாதவர்கள் ஓட முடியாது என்றார்கள். அவன் ஓடாமலே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தான்.

அம்மா தன்னுடைய பொத்தான் போனை எடுத்தாள். தள்ளிப் போய்ப் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை.

வெள்ளைச் சட்டையில், பூசை முடிந்த கோலத்திலேயே அந்தோணிராஜ் வந்து சேர்ந்தபோது அவர்கள் பிரிவில் பாதி வண்டிகள் ஓடி முடித்திருந்தன. பைக்கை நிறுத்திவிட்டு நேராக மாயம்மாளிடம் போனான். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டான். அப்புறம்தான் காருக்கு வந்தான்.

"தப்பாப் போச்சு மாப்ள" என்றான் சுருளிவேல்.

"அம்மா கூப்டாக. வந்தேன்."

பானட்டைத் திறந்தான். ஆனால் தானாக எதையும் தொடவில்லை. சுருளிவேலைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னான். இது பேட்டரி கிளாம்ப், இறுக்குகிறேன், பார் என்றான். இது பிளக் வயர், எதையும் கழற்றவில்லை, பார் என்றான். டயர் காற்றை அளந்து, முள் நின்ற இடத்தைக் காட்டி, பார்த்தாயா என்று கேட்டான். சுருளிவேல் எனக்குப் பார்க்க வேண்டாம் என்று சொன்னான். அந்தோணிராஜ் காத்திருந்தான். அவன் குனிந்து பார்த்த பிறகுதான் அடுத்த டயருக்குப் போனான். நான்கு டயருக்கும் அப்படியே. மஸ்கட் வாசலில் பையைத் திறந்து காட்டும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று சுருளிவேல் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான்.

பக்கத்துத் தடத்தில் ஒட்டன்சத்திரத்து வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்று உறுமியது. அந்தோணிராஜ் காருக்கு முன்னால் போய், கையைக் காட்டிக் காட்டி அங்குலம் அங்குலமாகக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். பிறகு ஓரத்துக்கு விலகினான். மஞ்சள் விளக்குகள் இறங்கின. சுருளிவேல் விளக்கைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு கணம் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். பச்சை விழுந்ததை வெள்ளைக் காரின் சத்தம்தான் அவனுக்குச் சொன்னது. கிளட்சிலிருந்து காலை எடுத்தான்.

கார் போனது. இரண்டாவது கியரில் கனக்கவில்லை, மூன்றாவதில் இன்னும் திறந்துகொண்டது. சோளக்கொல்லை பச்சைக் கோடாக ஓடியது. வெள்ளைக் காரின் பின்விளக்கு நெருங்கி நெருங்கி, அதன் கதவு வரைக்கும் இவன் வண்டி வந்தது. அதற்கு மேல் ரோடு இல்லை. தோற்றுவிட்டான். வண்டி தோற்கவில்லை, ஓட்டினவன் தோற்றான். அது அவனுக்கே தெரிந்தது.

சுற்றித் திரும்பி வந்து நின்றதும், கிளப்காரர்கள் கொடுத்த நேரச் சீட்டை அந்தோணிராஜ் வாங்கிப் பார்த்தான்.

"ஸ்டார்ட்ல தூங்கிட்ட" என்றான். "வண்டில ஒரு கொறையும் இல்ல."

"தெரியும்."

மாயம்மாள் வேப்பமர நிழலில் புளிச்சோற்றைப் பிரித்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அந்தோணிராஜ் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான், அம்மாவிடம் சிரித்துப் பேசினான். கை கழுவ எழுந்தபோது சுருளிவேல் பின்னாலேயே போனான். வியாழக்கிழமை அவனுக்கு விமானம்.

"அம்மாவுக்கு நான் இருக்கேன்" என்றான் அந்தோணிராஜ், அவன் கேட்பதற்கு முன்னாலேயே. "அதுல ஒனக்கு ஒரு பயமும் வேணாம். அங்க போயி நிம்மதியாத் தூங்கு. வண்டிய மட்டும் வேற எங்கயாச்சும் விட்டுட்டுப் போ மாப்ள."

"ஏலே, நாந்தேன் தப்புன்னு சொல்லிட்டேன்ல."

"சொல்லிட்ட. நானும் கேட்டுக்கிட்டேன்." கையில் இருந்த தண்ணீரை உதறினான். "நாளைக்கு வண்டில ஒரு நட்டு லூசாப் போனாலும் மொதல்ல எம்மூஞ்சிதேன் ஒனக்கு வரும். ஒனக்கு வரலைன்னாலும், வருமோன்னு எனக்கு வரும். அது நமக்கு எதுக்கு?"

 

மறுநாள் மாயம்மாளுக்குச் சர்க்கரை டெஸ்ட். காலையில் வெறும் வயிற்றோடு அவள் கிளம்பித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அந்தோணிராஜ் ஆட்டோவில் வந்து இறங்கினான். கெளம்பியாச்சாம்மா என்று கேட்டுக்கொண்டே, வாசலை அடைத்து நின்ற சிவப்புக் காரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அதில் இடித்துக்கொள்ளாமல், சட்டைகூடப் படாமல்.

"கார் நிக்குதுல்ல" என்றான் சுருளிவேல், சாவியை நீட்டி. "அதுல கூட்டிட்டுப் போயேன்."

"ஆட்டோக்காரருக்குச் சொல்லியாச்சு மாப்ள."

மாயம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, அந்தோணிராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். தெரு குறுகல். கார் நின்ற நிலையில் ஆட்டோ திரும்ப இடமில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சுருளிவேல் ஓடிப்போய்க் காரை எடுத்து, சுவரை ஒட்டி ஓரமாக நகர்த்தி அவர்களுக்கு வழி விட்டான்.